அம்மாவைக் கூப்பிடுகிற விஷயம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. காலபோக நெல் பரவாயில்லை.

பக்கத்து வளவுப் பெரியம்மா போன கிழமை மோசம் போய்விட்டா. எண்பது தாண்டியிருக்கும். காலையில் கோழிகளுக்குக் குறுணல் போட்டவ, பின்னேரம் பாயில் சரிந்தபடியே போய்விட்டா. "குடுத்து வைச்ச மனுசி" என்றுதான் ஊரெல்லாம் கதை. ஒருவருக்கும் பாரமில்லை, ஆஸ்பத்திரியில் வெட்டிக் கிழிக்கவுமில்லை. கிராம சேவகர் வந்து கடிதம் தர அலுவல் முடிந்தது. பறைமேளம் அடிக்க, சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். கடைக்குட்டி பந்தத்தைச் சரித்துப் பிடித்துச் சேட்டெல்லாம் எண்ணெய். தாய்க்காரி ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவனை ஏசினா! சாம்பலை முல்லைத்தீவுக் கடலில் கரைத்தார்கள்.

வெளியூரவனுக்கு இது சாதாரணச் சாவு. எங்கட சனம் 2009 கடைசிச் சண்டையில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் செத்தவர்களைப் பதுங்குகுழிக்குள்ளேயே மண்ணை இழுத்து மூடிவிட்டு நடந்த சனம். வாய்க்கரிசி போட எங்கே நேரம்? பெரியம்மாவின் நடுவில் மகனும் அந்த நாட்களில்தான் காணாமல் போனான். மரணச் சான்றிதழ் வேண்டாமென்றால், ஆளைக் காணவில்லை என்றே ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்தது. மனுசி அதையும் எடுக்கவில்லை. திதி கொடுக்கச் சொன்னால், "எந்த நாளெண்டு குடுக்கிறது?" என்று கேட்பா. அதனால்தான் நாளும் தெரிந்து, இடமும் தெரிந்து, பக்கத்தில் ஆளும் இருந்து போனால் இங்கே அதைப் பாக்கியம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

சரி, உன் அம்மா விஷயம். ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவுக்குக் கூப்பிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் யோசனை பிழையில்லை. அவ தனியே இருக்கிறா, இரவில் இருமல் வேறு. ஆனால் செத்தவீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து, "அங்கை ஒரு கிழமை ஐஸிலை வைப்பினமாம், மேளமும் இல்லையாம், உண்மையோ தம்பி?" என்று கேட்டா. குளிரைப் பற்றியோ விசாவைப் பற்றியோ ஒரு கேள்வி இல்லை.

என்னைக் கேட்டால் கூப்பிடாதே. இரவில் துணைக்கு ஒரு ஆளை இங்கேயே பிடித்துத் தரலாம், சம்பளத்தை நீ அனுப்பு. முடிவெடுக்க முன் ஒருக்கா வந்து நேரே கதை. போனில் கேட்டால் "உன்ரை விருப்பம் ராசா" என்றுதான் சொல்லுவா. பங்குனியில் லீவு எடுக்கப் பார். வரும்போது எனக்கு அந்த மூட்டுவலித் தைலம் இரண்டு போத்தல் கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்