ஓடிபி சொல்லாதீர்கள் என்றால் போதுமா? வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்களிலும் நகரங்களிலும் வங்கிக் கிளைகளை நடத்தும் மேலாளர்களுக்கு வணக்கம்.

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற அறிவிப்பு உங்கள் கிளைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எஸ்எம்எஸ்ஸிலும் அதே வரிதான் வருகிறது. தப்பில்லை. ஆனால் இன்று பணத்தைச் சுருட்டுகிறவர்களில் பலர் ஓடிபி கேட்பதே இல்லை. வாடிக்கையாளரின் போனே அதைப் படித்து அவர்களுக்கு அனுப்பிவிடுகிறது. "நான் யார்கிட்டயும் சொல்லலையே சார்" என்று கவுண்ட்டர் முன் நின்று அழுகிறவர் சொல்வது பல நேரம் உண்மை.

நடப்பது இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் தவணை, கேஒய்சி புதுப்பிப்பு, கல்யாணப் பத்திரிகை என்று பெயர் மட்டும் மாறும். பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்றெழுத்து இருக்கும்; அப்படியென்றால் அது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. அனுப்பியவர் பல நேரம் தெரிந்தவராகவே இருப்பார். அவருடைய போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். தொட்டு நிறுவியதும் அந்தச் செயலி எஸ்எம்எஸ் படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்கும், பிறகு நோட்டிஃபிகேஷன், கடைசியில் அக்சஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லவும் பொத்தானை அழுத்தவும் வைத்திருக்கும் வசதி அது. திருடனின் கைக்குப் போனால் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும், நீங்கள் தொடாமலே போன் வேலை செய்யும்.

எஸ்எம்எஸ் 'அனுப்பும்' அனுமதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யுபிஐ செயலி ஒரு போனில் பதிவாகும்போது அந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போகிறது. எண் உங்களுடையதுதான் என்று வங்கி நம்புவது அதை வைத்துத்தான். அந்தச் செய்தியை வாடிக்கையாளரின் போனிலிருந்தே திருட்டுச் செயலி அனுப்பினால், வேறு ஊரில் வேறு போனில் அவர் கணக்கு திறக்க வழி உண்டாகிறது. அதற்குப் பிறகு யுபிஐ பின் எண் வைக்க, பல வங்கிகளில் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் ஓடிபியும் போதும். கார்டைப் படம் பிடித்து கேலரியில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வரிசையில் நிற்பவர்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே மொபைல் பேங்கிங் தொடங்கிக் கொடுக்கும் நாளில், பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன், உங்கள் ஊழியர் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம். போன் வாடிக்கையாளர் கையிலேயே இருக்கட்டும். அவரே அழுத்தட்டும், ஊழியர் வழி சொல்லட்டும்.

முதல் வேலை, வாட்ஸ்அப்பும் குரோமும் செயலி நிறுவும் அனுமதியை மூடுவது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் அக்சஸ், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ் என்று போக வேண்டும். ஒவ்வொரு கம்பெனி போனிலும் இந்த மெனு வேறு மூலையில் கிடக்கும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'அன்நோன்' என்று அடித்தால் சிக்கிவிடும். பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ், டெலிகிராம் எல்லாவற்றிலும் 'அனுமதி இல்லை' என்று இருக்க வேண்டும். அதே கையோடு அக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்து, தெரியாத பெயர் ஏதும் ஆனில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளே ஸ்டோரில், தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதை அணைக்கச் சொல்லி யாராவது வழி சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சிம் பூட்டு. போனுக்குக் கைரேகைப் பூட்டு போட்டவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். பஸ்ஸில் போனை அடித்தவன் திரையைத் திறக்க மெனக்கெட மாட்டான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கே வரும். செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் சிம் லாக் இருக்கிறது. ஆன் செய்தால், போனை அணைத்துப் போட்டாலும் சிம்மை மாற்றினாலும் பின் எண் கேட்கும். ஒன்றில் மட்டும் கவனம். முதல்முறை அது கேட்பது சிம் நிறுவனம் வைத்திருக்கும் பின் எண். குத்துமதிப்பாக அடிக்கக் கூடாது. மூன்று முறை தப்பானால் சிம் முடங்கி, அதைத் திறப்பதற்கான பியூகே எண் கேட்கும். அதுவும் பத்து முறை தப்பினால் அந்த சிம்முக்கு ஆயுள் முடிந்தது. நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, பிறகு சொந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பூட்டிய திரையில் எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது: வரம்பு. மாதம் நாலாயிரம், ஐயாயிரம் அனுப்புகிற ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் யுபிஐ வரம்பு எதற்கு? கேட்டுக் குறைத்துக் கொடுங்கள். தேவைப்படும் நாளில் அவரே ஏற்றிக்கொள்ளட்டும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை, தட்டிச் செலுத்துவது ஆகியவற்றைத் தனித்தனியாக அணைக்கும் வசதியைத் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவிட்டது. வசதி செயலியில் இருக்கிறது, இருப்பது கணக்குக்காரருக்குத்தான் தெரியாது. எங்களைக் கேட்டால், யுபிஐக்கு என்று குறைந்த இருப்புள்ள ஒரு கணக்கும், சேமிப்புக்கு எந்தச் செயலியிலும் சேராத இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்வதுதான் ஒரு குடும்பத்துக்குப் போதுமான ஏற்பாடு. வைப்புத்தொகைக்கு (எஃப்டி) பல வங்கிகளில் இப்படி ஒரு தடுப்பும் இல்லை. போன் திருடன் கையில் சிக்கினால், செயலியிலேயே எஃப்டியை உடைப்பான், முன்கூட்டியே ஒப்புதல் தந்து வைத்திருக்கும் கடனையும் எடுப்பான். இந்த இரண்டையும் கிளைக்கு நேரில் வந்தால்தான் செய்யலாம் என்று பூட்டி வைக்க ஒரு விருப்பத்தேர்வு வேண்டும் என மேலிடத்துக்கு எழுதுங்கள்.

அடுத்து, கொஞ்சம் கசப்பான விஷயம். வங்கிகளுக்கென்று 1600-இல் தொடங்கும் அழைப்பு எண்களைத் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது. வணிக எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து வருகிறது: விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. வங்கி இணையதள முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும் என்று 2025-இல் ரிசர்வ் வங்கி மாற்றச் சொன்னது. எல்லாம் நல்ல அடையாளங்கள். ஆனால் உங்கள் ஊழியரே சொந்த செல் எண்ணிலிருந்து கூப்பிட்டு, "கேஒய்சி பாக்கி இருக்கு, ஆதாரை வாட்ஸ்அப்ல போடுங்க" என்றால் அந்த அடையாளமெல்லாம் வீண். மோசடிக்காரன் பேசுவதும் அதே வாக்கியம். இந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண் தேடிப் போலி எண்ணில் மாட்டுகிறவர்களுக்காக, சரியான இலவச எண்ணைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பெரிதாக முத்திரை குத்திக் கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் கணக்கில் கிடக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள். அந்த எண் வேறொருவருக்குப் போயிருந்தால் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நின்றுவிட்டது. கடைகள், நிறுவனங்களின் பெயரில் சில வகைக் கோரிக்கைகள் அதன் பிறகும் தொடர்ந்தன. ஆகவே கடைப் பெயரில் வரும் கோரிக்கையை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

இனி, பணம் போன பிறகு. தப்பான கோப்பை நிறுவிவிட்டதாகத் தெரிந்தால் முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைக்க வேண்டும். அடுத்த அழைப்புகள் எல்லாம் வேறு போனிலிருந்து: வங்கியின் இலவச எண்ணுக்கு ஒன்று, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு ஒன்று. திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது. காசு கொடுத்து வாங்கிய பிறர் கணக்குகள் வழியாக ஒன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து பத்து என்று பிரிந்து ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். 1930-இல் பதிவாகும் புகார் அடுத்தடுத்த வங்கிகளுக்குப் போய், இன்னும் நகராத பணத்தை நிறுத்தி வைக்கிறது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. கேட்பார்கள் என்பதால் கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனையின் 12 இலக்க அடையாள எண் (யுடிஆர்) ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். திருட்டுச் செயலியின் பெயரையும் அனுப்பியவர் எண்ணையும் இன்னொரு போனில் படம் பிடித்த பிறகே, போனில் உள்ளதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டு மாற்றுவதைப் பாதிக்கப்பட்ட போனில் செய்யவே கூடாது.

இந்த நேரத்தில் கிளைக்கு வருகிறவரை "சைபர் கிரைம்ல போய்ச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவது பல இடங்களில் வாடிக்கை. அவர் காவல்துறைக்குப் போக வேண்டியதுதான், ஆனால் உங்களிடம் புகார் பதிவாகும் நேரமும் அவருக்கு முக்கியம். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. அதன்படி, வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளர் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியின் தகவல் கிடைத்த நாளைக் கழித்து 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதுமில்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாயும்தான் அவர் பொறுப்பின் உச்சவரம்பு. அவரே அலட்சியமாக விவரத்தைக் கொடுத்திருந்தாலும், புகார் செய்த நிமிடத்துக்குப் பின் போகும் பணம் வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் வங்கியுடையது.

இவ்வளவும் அந்தப் புகாரின் தேதியையும் நேரத்தையும் பிடித்துத் தொங்குகிறது. எனவே எழுத்தில் புகார் வாங்கி, புகார் எண், தேதி, மணி, கிளை முத்திரை, வாங்கியவர் கையெழுத்து இவற்றோடு நகலை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதையும் அந்த நகலின் கீழே ஒரு வரி அச்சிட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கைப்பேசி வங்கிச் சேவையைக் கற்றுக்கொடுக்கும் தன்னார்வலர்கள்