முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சென்னைக் கொலை வழக்குத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படித்தேன். பேப்பர் போடும் பையனின் சைக்கிள் மணிக்குக் காது வைத்து உட்கார்ந்திருந்தேன் என்றே சொல்லலாம். ஆகவே, "இதையெல்லாம் அச்சில் போடலாமா, பிள்ளைகள் கெட்டுப்போகாதா" என்று எழுதுகிற கோஷ்டி நான் அல்ல. எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு வருஷம் உலை கொதித்ததே கொலையால்தான். பயப்பட வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தோம். அவர் போன பிறகும் நாலு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு மூடினேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. மூன்று பக்கம் அலமாரி. ஒரு பக்கம் குடும்பக் கதை, ஒரு பக்கம் சரித்திரக் கதை, வாசலைப் பார்த்த பக்கம் முழுக்கக் கொலை. வருகிறவர்கள் எழுத்தாளர் பெயர் கேட்க மாட்டார்கள். "அக்கா, புதுசா கொலை வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். தெருவில் போகிறவர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். கேட்கிறவர்கள் யாரும் முரடர்கள் இல்லை. கார்ப்பரேஷன் பள்ளி டீச்சர், மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மா, என் மூன்று பிரசவமும் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஒருத்தி. மாத நாவலின் விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. புத்தகம் வந்த அன்றே நடுவில் ஊசி கோத்துத் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பழுப்புத்தாள் அட்டை போட்டுவிடுவோம். இல்லையென்றால் நாலாவது கையில் அது உதிரும்.

இரண்டு வகை பென்சில்காரர்களை அங்கே பார்த்தேன். முதல் வகை, படித்த அடையாளத்துக்கு பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் ஒரு புள்ளியோ, நட்சத்திரமோ, தன் பெயரின் முதல் எழுத்தோ போடுகிறவர்கள். அட்டையும் தலைப்பும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் அல்லவா, மறுபடி எடுத்துப்போய் ஏமாறாமல் இருக்க. அது நியாயம். இரண்டாம் வகைதான் பாவிகள். முதல் பக்கத்திலேயே "கொலைகாரன் டிரைவர்" என்று எழுதி வைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ரப்பரை எடுத்து அழித்து அழித்து அந்தத் தாளே ஓட்டையாகிப் போன புத்தகம் உண்டு. இதில் இன்னொரு கூத்து: எழுதி வைத்தது பாதிக்குப் பாதி தப்பாகவும் இருக்கும். முழுசாகப் படிக்காமலே, நாற்பதாம் பக்கத்தில் தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போயிருப்பார் அந்த மகானுபாவர்.

ஐயா, உங்கள் தொடரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலையைப் பற்றிய பகுதியைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் எழுத்துதான் ஞாபகம் வந்தது.

தொடக்கம் நன்றாக இருந்தது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே காசு பார்த்த 'சினிமா தூது', அதற்கு லைசென்ஸ் போனதும் 'இந்து நேசன்', 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போனவருக்கு விழுந்த கத்திக்குத்து, மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. எல்லாம் சரி. அந்தத் தீபாவளிக்கு வந்த பாகவதர் படம் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிசம்பரில் கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் சிரிப்பு நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். படம் ஓடியது, நாயகன் உள்ளே இருந்தான். இதைவிட ஒரு கதாசிரியன் என்ன யோசித்துவிட முடியும்? கூடவே பிடிபட்ட கோயம்புத்தூர் சினிமா டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவை விசாரணையிலேயே விட்டுவிட்டார்கள். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கிருந்து வழக்கு திரும்பி வந்து, 1947-ல் ஹைகோர்ட்டு இருவரையும் குற்றமற்றவர்கள் என்று அனுப்பியது. ஜெயிலில் கழிந்தது இரண்டு வருஷத்துக்கு மேல். பாகவதர் அதற்கப்புறம் பழைய பாகவதராக ஆகவே இல்லை. என்.எஸ்.கே. திரும்பி வந்து சிரிக்க வைத்தார்.

அப்படியானால் லட்சுமிகாந்தன் சாவுக்குப் பின்னால் இருந்தது யார்? எண்பது வருஷமாக இந்த ஊர் கேட்கிற கேள்வி. உங்கள் கட்டுரையாளர் கடைசிப் பத்தியில் ஒருவரைக் கைகாட்டிவிட்டார். பெயரைப் போடவில்லை, ஆனால் ஊர், தொழில், சொந்தம் எல்லாம் சொல்லி, யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிட்டார். ஆதாரம்? "விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள்." ஆக, நாற்பதாம் பக்கத்தில் தோன்றியதை முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டார். அச்சை அழிக்கிற ரப்பர் இருந்தால் நானே அழித்திருப்பேன்.

எங்களிடம் ஒரு வாடிக்கைக்காரர் இருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு நாலு கொலை எடுத்துப்போவார். அவரும் பென்சில் பிடித்துத்தான் படிப்பார். துப்பறிகிறவர் மேஜை இழுப்பறையிலிருந்து கத்தியைக் கைக்குட்டையில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், ஓரத்தில் "மகஜர் எங்கே?" என்று எழுதுவார், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவுத்தாள் எங்கே என்று. ஐந்து பக்கம் தள்ளி, "சாட்சி கையெழுத்து?" கதை முடிகிற இடத்தில், "கோர்ட்டில் நிற்காது." இதற்காகவே அவர் படித்த புத்தகத்தைத் தேடி எடுக்கிறவர்களும் உண்டு, கதையைவிட ஓரக்குறிப்பு சுவையாக இருக்கும். உங்கள் தொடரை அவர் படித்திருந்தால் ஓரம் போதாது, தனித்தாள் வைத்திருப்பார்.

ஆளவந்தார் வழக்கில் அவருக்கு ரொம்ப மரியாதை. "அது ஒன்றுதான்மா எல்லாக் கண்ணியும் கோத்த கேஸ்" என்பார். எனக்கோ அது வீட்டுக் கதை. என் மாமியார் ராயபுரத்துக்காரர். 1952-ல் அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். சைனா பஜாரில் பேனாக்கடை ஒன்றில் பிளாஸ்டிக் சாமான் விற்றுக்கொண்டிருந்த ஆளவந்தார் ஆகஸ்ட் 28-ஆம் தேதி ராயபுரம் செமெட்ரி ரோட்டில் தேவகி, பிரபாகர மேனன் தம்பதியின் வீட்டுக்குப் போனார், வெளியே வரவில்லை. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் எழும்பூரில் போட் மெயில் ஏறியது. தனுஷ்கோடிக்குப் போகிற வண்டி. நாற்றம் பொறுக்காமல் ஜனங்கள் முறையிட்டு, மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். தலை பழுப்பு நிறச் சட்டையில் சுற்றி ராயபுரம் கடற்கரை மணலில் கிடந்தது. ஒரு உடலின் இரண்டு பாகத்துக்கும் நடுவில் நானூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு வந்து, இது இவர்தான் என்று உறுதி செய்தார்கள்.

மாமியார் இதைச் சொல்லும்போது மெடிக்கல் காலேஜை எல்லாம் சொல்ல மாட்டார். அந்த மாதம் தெருவில் யாரும் மீன் வாங்கவில்லை என்பார். கடலில் தலை கிடந்ததாம், மீன் எப்படித் தின்பது? மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்து ஒப்பாரி வைத்தாளாம். அப்புறம், யார் வீட்டில் டிரங்குப் பெட்டி வெயிலில் காய வைத்திருந்தாலும் அக்கம்பக்கத்தில் ஒரு பார்வை பார்ப்பார்களாம். கொலைச் செய்தியைப் பாட்டாகக் கட்டி அச்சடித்த கொலைச் சிந்துத் தாளைப் பாடி விற்கிறவன் டேப் என்கிற தோல்வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு வந்தபோது, கையில் வைத்திருந்த ஓரணாவைக் கொடுத்து வாங்கிவிட்டு, மாமனார் கண்ணில் படாமல் அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறார். அந்தத் தாள் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மெட்டு கிடைத்தது. என் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது கிழவி அதைத்தான் முனகுவார்.

உங்கள் தொடரில் ஆளவந்தார் வந்த வாரம் எனக்கு மூன்று வருத்தம்.

அன்று இரவு தேவகி என்ன நினைத்தார், பிரபாகர மேனனிடம் என்ன சொன்னார் என்று பக்கத்தில் பாதிக்கு வசனம் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து கேட்டவர் யார்? கோர்ட்டில் வந்ததே போதுமானதாக இருக்கும்போது மேலே வசனம் எதற்கு? அந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஏ.எஸ்.பஞ்சாபகேசய்யர் கதையும் நாடகமும் எழுதியவர். அவரே தீர்ப்பில் தீர்ப்பைத்தான் எழுதினார். மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று வருஷம்.

இரண்டாவது, ஆளவந்தாரின் மனைவி. புருஷன் வீட்டுக்கு வராமல் அவர் தேடி அலைந்ததில்தான் விஷயமே வெளியே வந்தது. தலைப்பில் "மன்மதன்" என்று ஆளவந்தாருக்குப் பட்டம் கொடுத்த நீங்கள், அந்த அம்மாவுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. துப்பறியும் கதையில் என்றால் முதல் அத்தியாயமே அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும்.

மூன்றாவதுதான் நான் பேனா எடுத்ததற்கே காரணம். கதவு எண்ணைப் போட்டுவிட்டீர்கள். தெருப் படமும் போட்டுவிட்டீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செமெட்ரி ரோட்டில் நடக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவளிடம், "ஆன்ட்டி, ராத்திரியில ஏதாவது சத்தம் கேக்குமா?" என்று கேட்டிருக்கிறான் ஒருத்தன். "கேக்கும்பா, மோட்டார் ஓடும், தண்ணி வராது" என்றாளாம். அவள் கெட்டிக்காரி, சமாளித்துவிட்டாள். அவள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். "அந்தக் கொலைத் தெருவா?" என்று யாராவது கேட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

ஆட்டோ சங்கர் வாரத்தில் இதைவிட மோசம். அந்தக் கேஸில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர், படம், எந்தத் தெரு, எல்லாம். ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். அவன் எழுதியதை வெளியிடுவது பற்றி ஒரு வாரப் பத்திரிகை சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1994-ல் வாங்கிய தீர்ப்பைத்தான் பத்திரிகை சுதந்திரத்துக்கு இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். கோர்ட்டு ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்று சொன்ன அதே தீர்ப்புதான், பாலியல் கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயரை விளம்பரப்படுத்தி அவமானப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. அவனைச் சேலத்தில் தூக்கில் போட்டு முப்பது வருஷமாகிறது. திருவான்மியூரில் அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள் இன்னும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களாக இருக்கலாம் இல்லையா?

சரி, நன்றாக இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். தேனாம்பேட்டை நியூவிங்டன் மாளிகை வாரம் அருமை. வயசு வராத ஜமீன் வாரிசுகளைப் படிக்க வைத்த இடத்தில் 1919 அக்டோபரில் அவர்களின் பிரின்சிபால் துரை டெலாஹே சுடப்பட்டுச் செத்தது, சிங்கம்பட்டி ஜமீன் வாரிசு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி அப்ரூவரானது, வழக்கைப் பம்பாய்க்கு மாற்றியது, குற்றம் சாட்டப்பட்ட கடம்பூர் ஜமீன் வாரிசு விடுதலையானது. சொன்னதோடு நிறுத்திக்கொண்டீர்கள். சுட்டது யார் என்று கடைசியில் யாரையும் கைகாட்டவில்லை. அந்த வாரம் எழுதியவர் வேறு ஆளோ? அந்தக் கேஸ் செலவில் ஏறிய கடனுக்குத்தான் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலைக் காட்டை 1929-ல் 99 வருஷக் குத்தகைக்குக் கம்பெனிக்கு விட்டது என்று திருநெல்வேலிப் பக்கம் சொல்வார்கள். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம், "சொல்வார்கள்" என்ற வார்த்தையோடு.

பாருங்கள், நீங்கள் எழுதிய பெரிய கேஸ்களில் இரண்டுக்குக் கடைசிப் பக்கமே இல்லை. ஆளவந்தாருக்கு உண்டு, ஆனால் ஏழு, மூன்று என்ற கணக்கைப் பார்த்துவிட்டு அப்போது பாதி ஊர் "இவ்வளவுதானா" என்றது, பாதி ஊர் "இவ்வளவு எதற்கு" என்றது. எங்கள் கடைக்கு அந்த நர்ஸ் வாராவாரம் வந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் அவள் பார்க்காத ரத்தமா? ஒருமுறை கேட்டேன். "தொண்ணூத்தாறாம் பக்கத்துல யாராவது ஒருத்தன் மாட்டுறான் இல்லக்கா" என்றாள். அந்தத் தொண்ணூற்றாறாம் பக்கத்தை அவளுக்குக் கதை எழுதுகிறவர்கள் கொடுத்துக்கொள்ளட்டும். அது அவர்கள் தொழில். நீங்கள் ஏன் அதைச் செய்துகொண்டு?

நான் கேட்பது இரண்டு. செமெட்ரி ரோட்டுக் கதவு எண்ணைத் தொடர் புத்தகமாக வரும்போது எடுத்துவிடுங்கள். எப்படியும் புத்தகமாகப் போடுவீர்கள், தெரியும். லட்சுமிகாந்தன் பகுதியின் கடைசிப் பத்திக்கு ஆதாரம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் பத்தியைத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய லைப்ரரிக்காரி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.
(பெயர் வேண்டாம். மருமகள் இதே பேப்பர்தான் படிக்கிறாள்.)

பின்குறிப்பு: பரணில் இன்னும் நானூறு கொலை இருக்கிறது. எடைக்குப் போட மனசு வரவில்லை. தொடர் எழுதுகிறவருக்கு வேண்டுமானால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்துக்குக் கடைசித் தாள் கிழிந்திருக்கும். யார் கொன்றது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டால் மட்டும் சொல்வேன்.