கைத்தட்டியவர்களை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அருமை. ஆனால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கைத்தட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கவ்வாலி என்கிற சூஃபி பக்திப் பாடலில் கைத்தட்டல் என்பது பாராட்டு அல்ல, தபலாவோடு சேர்ந்து தாளம் பிடிக்கிற வேலை.

மகன் டாக்டராக வேண்டும் என்றுதான் நுஸ்ரத்தின் அப்பா ஆசைப்பட்டார். 1964-ல் அவர் காலமானபின், நாற்பதாம் நாள் சடங்கில் பாடியதே பையனின் முதல் மேடை. 1971-ல் குழுவுக்குத் தலைமை. 1985-ல் இங்கிலாந்தின் வோமாட் உலக இசை விழாவில் பாடியபின் மேற்கிலும் பேர் பரவியது.

வேகம் ஏற ஏற வரியை விட்டுவிட்டு ஸரிகமவில் பாய்வார். தம்பி ஃபர்ருக் ஹார்மோனியத்தில் துரத்திக்கொண்டே வருவார். கச்சேரி கேட்டுப் பழகிய என் காதுக்கு அது கர்நாடக இசையில் ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் போலத்தான் கேட்கும். உருது தெரியாத குறையே தோன்றாது, போங்கள்!

1997-ல் நம் ஏ.ஆர்.ரகுமானின் ‘வந்தே மாதரம்’ தொகுப்பிலும் பாடினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று லண்டனில் மறைந்தபோது அவருக்கு வயது 48. கட்டுரையில் 58 என்று அச்சாகியிருக்கிறது. திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி