டிவிஷன்களை எண்ணினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். இரண்டாம் உலகப்போர் வியூக விளையாட்டுகளுக்குக் களம் அமைப்பவர்கள் பலரும் டிவிஷன்களை (பல்லாயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவுகளை) எண்ணியே படைபலத்தை முடிவு செய்கிறார்கள். இது பெரும் பிழை. 1941 ஏப்ரலில் சோவியத் ரைஃபிள் (காலாட்படை) டிவிஷனுக்கு ஏட்டளவில் 14,483 பேர். ஜூனில் ஜெர்மனியுடன் போர் மூண்டபோது பல டிவிஷன்களில் அவ்வளவு பேர் இல்லை. ஜெர்மனியோ பான்சர் (டாங்கி) டிவிஷன்களை ஏறத்தாழ இரு மடங்காக்கியது, ஒவ்வொன்றின் டாங்கிகளையும் குறைத்து!

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். அதற்கு மிக நெருக்கமான நாளின் படைநிலை அறிக்கையைத் தேடுங்கள். அந்தந்தத் தரப்பின் சொந்த அறிக்கையே வேண்டும், எதிரி போட்ட மதிப்பீடு பெரும்பாலும் மிகைதான். ரேஷன் கணக்கில், அதாவது உணவு வழங்கப்படும் மொத்த ஆள்கணக்கில், சமையல்காரரும் ஓட்டுநரும் அடக்கம் என்பதால், களத்தில் சண்டையிடுவோரைத் தனியே பிரிக்க வேண்டும். டாங்கிகளில் பட்டறையில் கிடப்பவற்றைக் கழித்துவிடுங்கள்.

— ஒரு வாசகர்