திருகில் ஒரு மரைதான் ஓடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வார மாணவர் பகுதியில் எளிய இயந்திரங்கள் பற்றி வந்த குறிப்பை உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். திருகை ஒரு சுற்று சுற்றினால் அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு (தண்டைச் சுற்றி ஓடும் வரம்புகளுக்கு) இடையிலுள்ள தூரம்தான் அது நகரும் என்று அதில் இருந்தது. ஜூரோங்கில் 28 ஆண்டுகள் லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) முன்னால் நின்றவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

ஒற்றை மரைக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் முறுக்கிய கயிற்றில் இழைகள் ஓடுவதுபோல, ஒரே தண்டில் இரண்டு, மூன்று, நான்கு மரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதும் உண்டு. பட்டறையில் டபுள் ஸ்டார்ட், திரிபிள் ஸ்டார்ட் என்போம். அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலுள்ள தூரம்தான் பிட்ச்; இரண்டு மரை ஓடினால் ஒரு சுற்றுக்கு இரண்டு பிட்ச் நகரும். அந்த மொத்த நகர்வுக்கு லீடு என்று பெயர்.

பேத்தி நம்பவில்லை. தேக்காவில் வாங்கிய ஊறுகாய்ப் போத்தலையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துவரச் சொன்னேன். தண்ணீர்ப் போத்தலின் கழுத்தில் மரை நடுநடுவே விட்டுவிட்டு இருந்தாலும், தொடங்குவது ஓரிடத்தில்தான். ஊறுகாய்ப் போத்தலில் விரலால் தடவி எண்ணினாள்: நான்கு. மூடியின் உள்ளேயும் நான்கு பற்கள். அதனால்தான் கால் சுற்றிலேயே திறக்கிறது. என் பழைய மைப்பேனாவின் மூடியில் மூன்று இருந்தது.

“ஒரே மரையை அகலமாக வெட்டினால் போதாதா, தாத்தா?” என்று கேட்டாளே, அதுதான் கேள்வி! 20 மில்லிமீட்டர் தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று வையுங்கள். ட்ரபிசாய்டல் மரையை (பல் சரிவக வடிவில் இருக்கும்) ஒற்றையாக வெட்டினால் ஆழம் 4.5 மில்லிமீட்டர் போகும். இரு பக்கமும் அவ்வளவு போவதால் நடுவில் மிஞ்சுவது 11 மில்லிமீட்டர்தான். அதையே 4 மில்லிமீட்டர் பிட்சில் இரட்டையாக வெட்டினால் ஆழம் 2.25, மிஞ்சுவது 15.5. நகர்வு ஒன்றுதான், தண்டின் பலம் வேறு.

வெட்டுவதில்தான் பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வால்வு ஸ்பிண்டிலுக்கு (வால்வைத் திறந்து மூடும் தண்டுக்கு) டபுள் ஸ்டார்ட் போடச் சொன்னார்கள். முதல் மரையை முடித்துவிட்டு, வெட்டும் உளியைத் தாங்கும் மேல் ஸ்லைடைத் தண்டுக்கு இணையாக வைத்து, அதன் கைப்பிடி டயலைப் பார்த்துச் சரியாக ஒரு பிட்ச் தள்ளி இரண்டாவதை வெட்டினேன். பார்த்தால் ஒரு சுவர் தடிப்பு, அடுத்தது மெலிவு. வெண்கல நட்டு ஏறவே இல்லை. ஜாப் குப்பைக்குப் போனது. எங்கள் போர்மன், ஒரு சீனப் பெரியவர், ஒன்றுதான் கேட்டார்: “கைப்பிடி நகர்ந்தது, ஸ்லைடு நகர்ந்ததா?” நான் கைப்பிடியை, முன்பு சுற்றியதற்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தேன். முதலில் சுற்றிய கொஞ்சம், ஸ்லைடை நகர்த்தும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையிலிருந்த தளர்விலேயே போய்விட்டது. மறுநாள் தண்டை இரண்டு சென்டருக்கு (கூர்முனைக்கு) நடுவே மாட்டி, அதைச் சுழற்றும் டிரைவிங் பிளேட்டில் நேரெதிராக இரண்டு பின் வைத்துக் காட்டினார். ஒரு பின்னில் முதல் மரை. தண்டைப் பிடித்திருக்கும் கேரியரை அடுத்த பின்னுக்கு மாற்றினால் இரண்டாவது. டயலை நம்ப வேண்டிய வேலையே இல்லை. இப்போது கணினி இயக்கும் சிஎன்சி லேத்தில் தொடக்கக் கோணத்தை 180 பாகை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

குறிப்பில் இன்னொரு வரியும் இடிக்கிறது: திருகு தூக்கிய பாரத்தைத் தானாகக் கீழே விடாதாம். கார் ஜாக்கிக்கு அது பொருந்தும், மரையின் சாய்வு குறைவு என்பதால். மகன் வாங்கிய முப்பரிமாண அச்சுப்பொறியில் உள்ள திருகு 8 மில்லிமீட்டர் தடிமன், 2 மில்லிமீட்டர் பிட்ச், நான்கு மரை. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் ஏறுவதால் சாய்வு ஏறக்குறைய 20 பாகை. மின்சாரத்தை நிறுத்தினால் மேலே நின்ற பகுதி மெல்லச் சறுக்கி இறங்கிவிடுகிறது. அதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு: அமுக்கினால் தானே சுழலும் பழைய திருப்புளி.

அடுத்த வாரம் இரண்டு வரி இடம் கொடுத்து, பிட்சை மரைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும் என்பதையும், பாரம் நிற்குமா என்பது சாய்வையும் உராய்வையும் பொறுத்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பேத்திக்கு வெள்ளிக்கிழமை அறிவியல் தேர்வு இருக்கிறது.

ஓய்வுபெற்ற டர்னர்,
ஈசூன்