ஒக்டோபர் 30

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

ரொறன்ரோவிலிருந்து நீங்கள் அனுப்பிய கட்டுரை கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கண் சத்திரசிகிச்சைக்குப் பின் வாசிப்பது மீண்டும் இலகுவாகிவிட்டதால், அதை ஆறுதலாக இருந்து படித்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமத்துச் சனம் மழையில் நனைந்தபடி கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் பசுவை அவிழ்த்துவிட்ட உங்கள் தந்தையார், அதன் கயிற்றைச் சுருட்டிச் சைக்கிள் காரியரில் வைத்துக்கொண்டு வந்ததை நீங்கள்தான் எழுத முடியும். அது ஏன் என்று விளக்க முற்படாமல் விட்டீர்களே, அந்த இடத்தில் உங்கள் எழுத்தை முழுமையாக நம்பினேன்.

நாவற்குழிப் பாலத்தில் அந்த நம்பிக்கை தளர்ந்தது. அங்கே நின்ற இளைஞன் ஐந்து லட்சம் பேர் இடம்பெயர்வதைக் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இருட்டில் முன்னால் நின்றவரின் முதுகும் அவருடைய சைக்கிளில் தொங்கிய மூட்டையும் தவிர வேறென்ன தெரிந்திருக்கும்? பின்னாளில் செய்திகளில் படித்த தொகை உங்கள் கண்களுக்குள் புகுந்துவிட்டது. நினைவை எழுதுகிறவருக்கு மறதியைக் காட்டிலும் பெரிய இடர், பிறகு அறிந்தவை அன்றே கண்டவைபோல வந்து அமர்ந்துகொள்வதுதான் என்று நினைக்கிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ் நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு கட்டளையிட்டார்கள். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டு, பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். நாங்கள் 1996 ஏப்ரல் தொடக்கம் வீடு திரும்பினோம். அவர்களில் பலருக்கோ 2009இல் போர் முடிந்த பின்னரும் அது கைகூடவில்லை. அதே திகதியை முதல் வரியில் வைத்துத் தொடங்கும் உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நியாயத்துக்காக ஒரு பந்தியைச் சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் சேர்த்தது வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நமது பள்ளிக்கூடக் காற்சட்டைகளைத் தைத்தவர், யாழ் நகரத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெருக்காரர். அவருடைய கடை பூட்டிக் கிடந்தபின் நீங்கள் வேறு தையற்காரரைத் தேடிப் போனீர்கள், நானும் உங்களோடு வந்தேன். அவரைப் பற்றி நாம் வழியில் ஒன்றுமே பேசவில்லை. அந்த மௌனமும் உங்கள் நினைவுக்கு உரியதுதான். அதை எழுதினால், பாலத்தில் நின்ற இளைஞன் தன் துயரத்தோடு எதைச் சுமந்து வந்தான் என்பதும் தெரியவரும். உங்கள் இழப்பின் கனம் அதனால் குறைந்துவிடாது.

திருத்திய படியை எனக்கு அனுப்புவதற்கு முன், நம் வகுப்பில் படித்துப் புத்தளம் போன தோழருக்கு அனுப்புங்கள். அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் எழுதப்போவதை அவரிடம் முற்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்