எங்கள் 4×5 கேமராவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

தச்சர் ஐயா, லேத் பட்டறை அண்ணன், கண்ணாடிக் கடைக்காரர், பைண்டிங் கடை அக்கா, எக்ஸ்ரே கூடத்துத் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிமில் படம் பிடிக்கும் மரக் கேமரா இப்போது முழுமையாக வேலை செய்கிறது. உங்களில் யாரும் கேமரா செய்பவர் இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய அளவுக் கணக்கும் கைப்பக்குவமும் உங்கள் தொழில்களில்தான் இருந்தன. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று, எதற்கு நன்றி என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி தச்சர் ஐயாவுக்கு. வெளிச்சம் புகாத பெட்டி பெரிய விஷயமில்லை, பின்புறச் சட்டம்தான் கடினம். ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்த்து நிற்கும். ஃபிலிம் வைத்த தட்டைப் பெட்டியான ஹோல்டரை நுழைத்ததும் ஃபிலிமின் முகம் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஹோல்டரின் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை ஆழம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இதில் அரை மி.மீ. பிசகினால், 150 மி.மீ. லென்ஸில், 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஃபோகஸ் 7, 8 செ.மீ. தள்ளிப்போகும். கண்ணுக்கு வைத்தது காதில் விழும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கிய எஃப்/22இல் இந்தப் பிழை மறைந்துகொள்ளும், பெரிதாகத் திறந்த எஃப்/5.6இல் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே சோதனைப் படத்தை லென்ஸை முழுதும் திறந்தே எடுக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பழைய தேக்கில் சட்டம் கோத்த ஐயா, கண்ணாடி உட்காரும் காடியை வேண்டுமென்றே மயிரிழை ஆழமாக இழைத்தார். ஆழம் கூடினால் தாள் வைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. ஃபிலிம் போட்ட ஹோல்டரையும் கண்ணாடியையும் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆழம் அளக்கும் டெப்த் கேஜால் அளந்து, தாளைக் கூட்டிக் குறைத்தால் போதும்.

கண்ணாடிக் கடைக்காரர் 2 மி.மீ. கண்ணாடியை வெட்டியதோடு விளிம்பையும் உரசித் தந்தார். உரசாவிட்டால் தேய்க்கும்போது சில்லு உதிர்ந்து நீளமாகக் கீறிவிடும். 400 நம்பர் சிலிக்கன் கார்பைடு தூளைத் தண்ணீரில் குழைத்து, சிறு கண்ணாடித் துண்டால் சுழற்றித் தேய்த்து, எல்லாவற்றையும் நன்றாகக் கழுவிய பிறகே 600க்குப் போக வேண்டும்.

எங்கள் லென்ஸ் பொருந்திய கோப்பல் 0 என்ற அளவு ஷட்டரை மாட்ட, முன்பலகையில் 34.7 மி.மீ. துளை வேண்டும். லேத் அண்ணன் அதை 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் பிசிறில்லாமல் போட்டுத் தந்தார்.

லென்ஸ் பலகைக்கும் பின்புறச் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் புகாமல் நீண்டு மடியும் மடிப்புத் துருத்திக்கு பைண்டிங் அக்காதான் வழி சொன்னார். உள்ளே கறுப்புத் துணி, நடுவே அட்டைப் பட்டைகள், வெளியே ரெக்சின். பட்டைகளுக்கிடையே 2 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் மடியவே மடியாது. பசையை மெல்லிசாகத் தடவச் சொன்னது மிக முக்கியமான யோசனை, ஏனெனில் தடித்த பசை காய்ந்து விறைத்து, மூலை மடிப்பில் வெடித்து ஊசித்துளை விடுகிறது. இருட்டறையில் துருத்திக்குள் எல்இடி டார்ச்சை வைத்து, மெதுவாக இழுத்து மடக்கிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். துருத்தி 150 மி.மீ. லென்ஸுக்கு இரு மடங்காக 300 மி.மீ. நீள்வதால் பொருளை அதே அளவில் படமெடுக்கலாம். அப்போது எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் ஒளி விழும் நேரம், நான்கு மடங்கு வேண்டும். மறந்தால் நெகட்டிவ் வெளிறிப்போகும்.

எக்ஸ்ரே தம்பி இல்லாவிட்டால் பழகிக்கொள்ள ஃபிலிம் கட்டுப்படியாகியிருக்காது. பச்சை ஒளிக்கு மசியும் 8×10 எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கிலேயே நான்காக நறுக்கலாம். ஒவ்வொரு துண்டும் ஹோல்டருக்குள் தடையின்றி வழுக்க, ஓரத்தில் ஒன்றரை மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். ஃபிலிமின் ஒளி உணரும் வேகத்தை ஐஎஸ்ஓ 80 என்று வைத்துத் தொடங்கலாம். இரு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் தட்டின் அடிப்பரப்பு பட்டாலே கீறும். தட்டில் கண்ணாடி விரித்து, ஒரு நேரத்தில் ஒரே ஃபிலிம் துண்டைக் கழுவுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் மருந்துப்படலம் இளகிவிடும் என்பதால், ஐஸ் கட்டிப் பையை வெளித்தட்டில் போட்டு 20 டிகிரிக்கு இறக்கச் சொன்னதும் தம்பிதான். சிவப்பு இந்த ஃபிலிமுக்குத் தெரியாது. உதடும் குங்குமமும் கறுத்தே விழும்.

உங்கள் ஐவரையும் அவரவர் வேலையிடத்திலேயே படமெடுக்க ஆசைப்படுகிறோம். அரை நொடி அசையாமல் இருந்தால் போதும். நாள் சொல்லுங்கள், கேமராவோடு வருகிறோம். பிரிண்ட் உங்களுக்கு.

அன்புடனும் நன்றியுடனும்,
கேமரா செய்த நண்பர்கள்